முப்பத்தாறு படங்களும் ஒரு கைப்பிடியும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் முதலான ஊர்களில், ரயில்வேயிலோ விமானப் படையிலோ உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர்களின் வீட்டு இரும்பு அலமாரிகளில், பட்டுப் புடவைகளுக்கும் பத்திரங்களுக்கும் நடுவே தோலுறைக்குள் பல ஆண்டுகளாகக் கிடந்த பழைய காமிராக்கள் இப்போது மறுபடியும் வெளியே வந்துகொண்டிருக்கின்றன. கைப்பேசியில் கணக்கின்றிப் படம் எடுத்துச் சலித்துப்போன பேரனோ பேத்தியோ தாத்தாவின் யாஷிகாவையோ பெண்டாக்ஸையோ கேட்டு வாங்கி, கணிசமான பணம் கொடுத்து ஒரு பிலிம் ரோலும் வாங்கிப் பூட்டிக்கொண்டு, மாடம்பாக்கம் கோயிலையும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பறவைகளையும் தாம்பரம் ரயிலடியின் ஜன நெரிசலையும் மிகுந்த சிரத்தையோடு படம் பிடிக்கிறார்கள். ஆனால் ரோலைக் கழுவக் கொடுத்த இடத்திலிருந்து சில சமயங்களில் வரும் பதில் மனத்தைச் சோர்வடையச் செய்துவிடுகிறது. "வெளிச்சம் பட்டுவிட்டது", "ஓரத்து ஓட்டைகளெல்லாம் கிழிந்துவிட்டன", "ரோல் நகரவே இல்லை, ஒன்றும் பதியவில்லை" என்ற இந்த மூன்று பதில்களுக்கும், ஆராய்ந்து பார்த்தால், படம் எடுத்தவரின் கண்ணோ ரசனையோ காரணமாக இருப்பதில்லை. எல்லாப் படங்களையும் எடுத்து முடித்த பிறகு, காமிராவின் தலைமேல் இருக்கும் ஒரு சிறு கைப்பிடியைப் பிடித்துப் பிலிமைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டிய அந்தக் கடைசிக் கடமையைச் சுற்றியே பெரும்பாலான விபத்துக்கள் நேர்கின்றன. ஆகையால் அந்தக் கடமையின் சூட்சுமத்தைச் சற்று நிதானமாக விளக்கிச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன்.

இந்த வேலை எப்படி வந்தது?

நாம் 35 மில்லிமீட்டர் பிலிம் என்று சொல்வது ஆதியில் சினிமாவுக்காகப் பிறந்தது. இரு ஓரங்களிலும் வரிசையாக ஓட்டைகள் கொண்ட அந்தச் சுருளில், 18-க்கு 24 மில்லிமீட்டர் அளவுள்ள சினிமாச் சட்டங்கள் இரண்டைச் சேர்த்து, 24-க்கு 36 மில்லிமீட்டர் என்ற அளவில் ஒரு நிழற்படத்தைப் பதிக்கலாம் என்று ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக் என்பவர் கண்டார். அவருடைய யோசனையிலிருந்து உருவான லைகா காமிரா 1925-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. சட்டைப் பைக்குள் அடங்கும் காமிராவில் முப்பத்தாறு படங்கள் எடுக்கலாம் என்பது அக்காலத்தில் பெரிய அதிசயம். 1934-இல் கோடாக் கம்பெனி, பகல் வெளிச்சத்திலேயே காமிராவில் பூட்டக்கூடிய உலோகக் கேஸட்டில் பிலிமைச் சுற்றி விற்கத் தொடங்கியது. இன்றும் கடையில் கிடைப்பது அதே வடிவமுள்ள கேஸட்தான்.

ஆனால் அந்தச் சௌகரியத்துக்குள் ஒரு சங்கடமும் ஒளிந்திருந்தது. கேஸட்டின் வாயில் வெளிச்சத்தைத் தடுக்கும் வெல்வெட் பட்டை இருக்கிறது. அதன் வழியாக வெளியே வரும் பிலிம், ஒவ்வொரு படத்துக்கும் ஓரமொன்றில் எட்டு ஓட்டைகள் வீதம் நகர்ந்து, காமிராவின் மறுகோடியிலுள்ள உருளையில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. அந்த உருளைக்கு உறையோ மூடியோ கிடையாது. முப்பத்தாறு படங்களும் எடுத்து முடியும் வேளையில் கேஸட் ஏறக்குறையக் காலியாகி, நம் பிரயாசையின் பலன் முழுவதும், சுமார் 1.6 மீட்டர் நீளமுள்ள பிலிமாக, காமிராவின் முதுகுக் கதவு ஒன்றை மட்டுமே காவலாகக் கொண்டு திறந்த அறையில் இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கும் முன் பிலிமைத் தன் கூட்டுக்குள் திரும்பவும் சேர்த்தாக வேண்டும் என்பதால்தான் பின்னோக்கிச் சுற்றும் வேலை பிறந்தது.

அதற்கு முன் நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களில் பரவியிருந்த பெட்டிக் காமிராக்களுக்கும் ஆக்ஃபா கிளிக் 3 போன்றவற்றுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் போடும் 120 ரோல், பிலிமுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் சேர்ந்தது; ஓர் உருளையிலிருந்து அவிழ்ந்து மற்றோர் உருளையில் ஏறி, கடைசியில் காகிதமே மேலுறையாகச் சுற்றிக்கொள்ளும். முதுகிலுள்ள சிவப்பு ஜன்னலில் எண்ணைப் பார்த்துத் திருகினால் போதும். பன்னிரண்டாவது படம் முடிந்ததும் மீதிக் காகிதத்தைச் சுற்றிவிட்டு ரோலை எடுத்து, நாக்கால் நனைத்து ஒட்டிவிடலாம். அந்தப் பழக்கத்திலிருந்து 35 மில்லிமீட்டர் காமிராவுக்கு மாறியவர்களில் பலர், படங்கள் முடிந்தவுடன் பழைய ஞாபகத்தில் முதுகைத் திறந்துவிட்டுப் பதறிப்போயிருக்கிறார்கள்.

காணாமல் செய்யும் காரியம்

பின்னோக்கிச் சுற்றுவது சொல்வதற்குச் சுலபம். முன்னோக்கி நகர்த்தும் பற்சக்கரத்துக்கு ஒரு திசையில் மட்டுமே சுழலும்படி உள்ளே தடை இருக்கிறது. காமிராவின் அடிப்பாகத்திலுள்ள சிறு பொத்தானை அமுக்கினால் அந்தத் தடை விலகிச் சக்கரம் இரு திசையிலும் தாராளமாகச் சுழலும். பிறகு இடது தலைப்பக்கத்துக் கைப்பிடியை விரித்து, அம்புக்குறி காட்டும் திசையில் சுழற்ற வேண்டியதுதான். முப்பத்தாறு படங்களுள்ள ரோலுக்கு ஏறக்குறைய முப்பது சுற்றுக்கள் ஆகும். தொடக்கத்தில் கேஸட்டின் அச்சு மெல்லியதாக இருப்பதால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் பிலிமே உள்ளே போகும். சுருள் பருக்கப் பருக்க ஒரே சுற்றில் அதிக நீளம் இழுபடும்.

இவ்வளவு எளிய காரியம் ஏன் இத்தனை அவஸ்தையாக இருக்கிறது என்றால், செய்வது சரியா தவறா என்பதைக் கண்ணால் பார்க்க வழியே இல்லை என்பதுதான் காரணம். படம் எடுக்கும்போது காட்சி தெரிகிறது; ஒளி அளவு தெரிகிறது; எத்தனையாவது படம் என்ற எண் தெரிகிறது. சுற்றும்போது மட்டும் எல்லாம் இருட்டுக்குள் நடக்கிறது. கிணற்றடியில் நின்று நீர் இறைப்பவள் வாளி நிறைந்ததைக் கயிற்றின் கனத்திலேயே அறிந்துகொள்வதுபோல, காமிராக்காரரும் விரல் நுனியில் உணரும் இழுவிசையைக் கொண்டே உள்ளே நடப்பதை அறிய வேண்டியிருக்கிறது. முதலில் சீரான ஒரு பாரம் தெரியும். காதருகே வைத்தால் மெல்லிய உரசலும் கேட்கும். கடைசியில் பிலிமின் நுனி மறுகோடி உருளையின் பிளவிலிருந்து விடுபடும் தருணத்தில் கைப்பிடி சற்று இறுகி, உடனே தளர்ந்து வெறுமையாகச் சுழலும். அந்த இறுக்கத்தையும் தளர்வையும் இனங்கண்டுகொண்டவருக்குப் பயமில்லை. இனங்காணாதவர் பாதி வழியில் முடிந்துவிட்டதென்று கதவைத் திறப்பார், அல்லது முடிந்ததா இல்லையா என்ற ஐயத்தில் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருப்பார்.

கைப்பிடியின் அமைப்பும் பொறுமையைச் சோதிக்கக்கூடியது. விலையுயர்ந்த லைகா எம் 3 காமிராவில், 1954-இல் அது வெளிவந்தபோது, மடக்கும் கைப்பிடிகூட இல்லை. மேலே இழுத்துத் திருகும் குமிழ்தான் இருந்தது. சிறிது சிறிதாகத் திருகித் திருகி விரல்கள் ஓய்ந்துபோன தொழில்முறைக்காரர்களின் குறை, 1967-இல் வந்த எம் 4 காமிராவில் சாய்வான கைப்பிடி அமைத்த பிறகே தீர்ந்தது. ஜப்பானியக் காமிராக்களில் மடக்கும் கைப்பிடி வந்துவிட்டபோதிலும், அதன் முனையிலுள்ள குமிழ் மிளகளவே ஆனது. சித்திரை வெயிலில் வியர்த்த விரலுக்கு அது அடிக்கடி நழுவும்.

நம் சீதோஷ்ணமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. பிலிமின்மேல் பூசியிருப்பது ஜெலட்டின். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடற்காற்றின் ஈரம் தாம்பரம் வரையிலும் பரவியிருக்கும்போது, ஜெலட்டின் அந்த ஈரத்தை உறிஞ்சி இளகுகிறது. சில நாட்கள் காமிராவிலேயே கிடந்த ரோலில் சுருளின் அடுக்குகள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது வேகமாக இழுத்தால் கீறல் விழும். வெயில் காலத்தில் எதிரி வேறு: புழுதி. வெல்வெட் வாயில் சிக்கிய ஒரே ஒரு மணல் துகள், பிலிம் உள்ளே திரும்பும்போது முதற் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நேர்கோடாக ஒரு கீறலை இழுத்துவிடும். வடநாட்டுக் குளிர்காலத்திலோ மலைப் பிரதேசங்களிலோ காற்று மிகவும் வறண்டிருக்கையில், அவசரமாகச் சுற்றும் பிலிமில் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி பறந்து, கிளைவிட்ட மின்னலைப் போன்ற தழும்புகள் நெகடிவில் பதியும். ஆக எந்த ஊரானாலும் எந்தப் பருவமானாலும் மருந்து ஒன்றே: நிதானம்.

முகூர்த்த வேளையில்

நிதானத்துக்கு இடங்கொடாத சந்தர்ப்பங்களும் உண்டு. ஜி.எஸ்.டி. சாலையோரத்துக் கல்யாண மண்டபங்களில் 1980-களிலும் 1990-களிலும் படம் எடுத்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். மணமேடையில் புகை, நெருக்கியடித்து நிற்கும் உறவினர்கள், "கெட்டி மேளம், கெட்டி மேளம்" என்ற குரல் எழ இன்னும் ஓரிரு நிமிஷமே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து, பிலிமை முன்னோக்கி நகர்த்தும் லீவர் பாதியில் இறுகி நின்றுவிடும்.

"என்ன தம்பி, இந்த நேரத்துல காமிராவைக் கீழே இறக்கிட்டீங்க?" என்று பெண்ணின் தாய்மாமன் அதட்டுவார்.

"ரோல் முடிஞ்சுபோச்சு சார், இதோ மாத்திடறேன்."

"முகூர்த்தம் உங்க ரோலுக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?"

காத்துக்கொண்டிருக்காது என்பது காமிராக்காரருக்கும் தெரியும். பொத்தானை அமுக்கி, முப்பது சுற்றுச் சுற்றி, கேஸட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, புதிய ரோலின் நுனியை உருளைப் பிளவில் செருகி, கதவை மூடி, இரண்டு வெற்றுச் சொடுக்குச் சொடுக்கி முடிக்கும் வரையில் அவருடைய கை நடுங்காமல் இருக்க வேண்டும். பதற்றத்தில் பொத்தானை அமுக்க மறந்து கைப்பிடியைப் பலமாகத் திருகியவரின் ரோலில் ஓட்டைகள் வரிசையாகக் கிழிந்தன. அனுபவஸ்தர்களோ ஒரு யுக்தி வைத்திருந்தார்கள்: தாலி கட்டும் நேரம் நெருங்கும்போது எண் முப்பதைத் தாண்டியிருந்தால், மீதியுள்ள நாலைந்து படங்களை நஷ்டமென்று கருதாமல் ரோலை முன்கூட்டியே சுற்றி எடுத்துப் புதியதைப் பூட்டிவிடுவார்கள். பிலிமை எண்ணி எண்ணிச் செலவழித்த அக்காலத்தில், நாலு படங்களை வேண்டுமென்றே இழப்பதற்குத் தொழிலில் முதிர்ச்சி வேண்டியிருந்தது. வசதி உள்ளவர்கள் தோளில் இரண்டு காமிராக்களை மாட்டிக்கொண்டார்கள்.

சிக்கனம் மற்றொரு தொல்லையையும் தந்தது. நூறு அடி நீளமுள்ள பெருஞ்சுருளை வாங்கி, இருட்டறையில் அளந்து வெட்டிப் பழைய கேஸட்டுகளில் நிரப்பிக்கொண்டால் ஏறத்தாழ பதினெட்டு ரோல் தேறும், செலவும் குறையும். அப்படி நிரப்பும்போது பிலிமின் அடிநுனியை அச்சில் ஒட்டுநாடாவால் ஒட்டுவார்கள். சூட்டில் இளகிய ஒட்டு, கடைசிப் படத்துக்காக லீவரைப் பலமாக இழுத்தால் பிய்ந்துவிடும். பிறகு கைப்பிடியை எவ்வளவு சுற்றினாலும் பாரமே தெரியாது. பிலிம் முழுவதும் மறுகோடி உருளையிலேயே தங்கிவிட்டிருக்கும். வெளுத்ததெல்லாம் பாலென்று நம்பி, "சுலபமாகச் சுற்றுகிறதே" என்று கதவைத் திறந்தால், முப்பத்தாறு படங்களும் ஒரு கணத்தில் வெளிச்சத்துக்கு இரையாகும்.

காப்பாற்றும் வழிகள்

இந்த விபத்துக்களில் பலவற்றிலிருந்து படங்களை மீட்க முடியும் என்பதைப் புதிதாகப் பழகுவோர் அறிந்துகொள்ள வேண்டும். கைப்பிடி தொடக்கத்திலிருந்தே கனமின்றிச் சுழன்றாலும், அசையாமல் இறுகி நின்றாலும், செய்யத்தகாத காரியம் ஒன்றே: கதவைத் திறப்பது. காமிராவை அப்படியே பழைய ஸ்டூடியோ ஒன்றின் இருட்டறைக்குக் கொண்டுபோகலாம். அது இயலாவிட்டால், இரவில் ஜன்னலில்லாத அறையில் விளக்கணைத்து, கதவிடுக்கைத் துணியால் அடைத்து, கனத்த கம்பளிக்குள் இரு கைகளையும் நுழைத்துக்கொண்டு திறக்கலாம். பிலிமின் ஓரங்களை மட்டும் தொட்டு உருளையிலிருந்து மெல்ல உருவிச் சுருட்டி, கறுப்பு டப்பாவில் போட்டு மூடி, அதன்மேல் "இருட்டில் மட்டும் திறக்கவும்" என்று எழுதி, கழுவும் இடத்தில் வாயாலும் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். சினிமாக்களில் பார்த்த சிவப்பு விளக்கை நம்பிவிடலாகாது. அது கறுப்பு வெள்ளை அச்சுக் காகிதத்துக்குத்தான் தீங்கற்றது. காமிராவில் போடும் சாதாரண பிலிம் சிவப்பொளியையும் ஏற்றுக் கறுத்துப்போகும்.

கவனமின்றிக் கதவைத் திறந்தவர்களும் உடனே நிராசை அடைய வேண்டியதில்லை. சட்டென்று மூடிவிட்டால், உருளையில் இறுக்கமாகச் சுற்றியிருக்கும் உள் அடுக்குகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. வெளி அடுக்கில் இருப்பவை கடைசியாக எடுத்த படங்கள், அவையே அழியும். முதலில் எடுத்தவை ஓரத்தில் சற்றுப் புகைமூட்டத்தோடு பிழைத்துக்கொள்ளும்.

வருமுன் காக்கும் உபாயமும் உண்டு. ரோலைப் பூட்டிக் கதவை மூடியவுடன் கைப்பிடியை மெல்லத் திருப்பித் தளர்வை நீக்கிவிட்டு, பிறகு லீவரை இழுத்துப் பாருங்கள். கைப்பிடி தானாகவே எதிர்த்திசையில் சுழன்றால் பிலிம் நகர்கிறது என்று பொருள். அசையாமல் நின்றால் நுனி கவ்வப்படவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் இந்த அசைவைக் கடைக்கண்ணால் கவனிப்பவருக்கு வெற்று ரோல் நேராது. லீவர் பாதியில் நின்றால், முப்பத்தேழாவது படத்துக்கு ஆசைப்பட்டுப் பலவந்தம் செய்யக் கூடாது. சுற்றும்போது பொத்தான் அமுங்கியபடியே நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில காமிராக்களில் அதை விரலால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முடிந்த ரோலின் நுனியை முழுவதும் உள்ளே இழுத்துவிடுவது நல்லது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியைப் பார்த்துப் புதிய ரோலென்று எண்ணி மறுபடியும் பூட்டி, வேடந்தாங்கல் நாரைகளின்மேல் அத்தை மகளின் வளைகாப்பைப் பதித்துவிடும் விபரீதம் அப்போது நேராது.

தொல்லையை ஒழிக்க முயன்றவர்கள்

இந்தப் பிரயாசையை உலகம் சும்மா சகித்துக்கொண்டிருக்கவில்லை. ஆக்ஃபா கம்பெனி 1936-இலேயே காரட் என்ற காமிராவில் ஒரு கேஸட்டிலிருந்து இன்னொரு கேஸட்டுக்குப் பிலிம் போகும்படி செய்தது. திருப்பிச் சுற்றும் வேலை அதில் இல்லை. 1963-இல் கோடாக் இன்ஸ்டமாடிக்கைக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் பிலிமை அடைத்து, போட்டால் போதும் எடுத்தால் போதும் என்றாக்கியது. 1970-களின் இறுதியிலிருந்து மின்மோட்டார் அந்த வேலையை ஏற்றுக்கொண்டது; கடைசிப் படம் முடிந்ததும் 'விர்' என்ற ஓசையோடு ரோல் தானே உள்ளே போய்விடும். வேறு சில காமிராக்கள் ரோலைப் பூட்டியவுடனேயே பிலிம் முழுவதையும் வெளியே இழுத்துவிட்டு, எடுக்க எடுக்க ஒவ்வொரு படமாகக் கேஸட்டுக்குள் சேர்த்துக்கொண்டன. அவற்றில் கதவு தவறித் திறந்தாலும் எடுத்த படங்கள் பத்திரமாக இருக்கும்.

ஆயினும் கைப்பிடிக் காமிராக்கள் நெடுங்காலம் நிலைத்தன. 1976-இல் வந்த பெண்டாக்ஸ் கே 1000, இருபது ஆண்டுகளுக்கு மேல், 1997 வரை உற்பத்தியில் இருந்தது. விலை மலிவு, பழுது பார்ப்பது சுலபம், பாட்டரி தீர்ந்தாலும் ஒளிமானி ஒன்றைத் தவிர எல்லாம் வேலை செய்யும் என்ற குணங்களே அவற்றைக் காத்தன. நம் மாநிலத்திலேயே உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்டு 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இண்டு' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் காகிதமும் தயாரித்தது; அந்த ஆலை இன்று இயங்கவில்லை. ஆனால் 2024-ஆம் ஆண்டில் ரீக்கோ கம்பெனி வெளியிட்ட பெண்டாக்ஸ் 17 என்ற புதிய பிலிம் காமிராவில், மோட்டார் வைக்க வசதி இருந்தும், கையால் இழுக்கும் லீவரும் கையால் சுற்றும் கைப்பிடியும்தான் அமைந்திருக்கின்றன. அந்த லீவரின் நுட்பத்தை மீண்டும் கற்றுக்கொள்வதற்கு, ஓய்வு பெற்ற தங்கள் பழைய பொறியாளர்களிடம் அவர்கள் ஆலோசனை கேட்டார்கள். அரைச்சட்டக் காமிரா ஆகையால் ஒரு ரோலில் எழுபத்திரண்டு படங்கள்; அத்தனையும் ஒரே கைப்பிடியை நம்பியிருக்கின்றன.

அந்தச் செய்தியில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. பெரிய கம்பெனி ஒன்றுக்கே இந்த ஞானம் வரைபடங்களில் முழுமையாகக் கிடைக்கவில்லை. அதைச் செய்த மனிதர்களைத் தேடிப் போக வேண்டியிருந்தது. விரல் அறிந்த இழுவிசையும் காது அறிந்த உரசலும் புத்தகத்தில் எழுதி வைக்கக்கூடியவை அல்ல. இந்தக் கட்டுரைகூட அவற்றை ஓரளவு சுட்டிக் காட்டத்தான் முடியும். மயிலாப்பூரில் வாழ்ந்த இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைத் தாமே சேர்த்து 'சூப்பர் பாண்டெரோஸா' என்று பெயரிட்ட கருவியைக் கொண்டு கானகத்து யானைகளைப் படமெடுத்தார் என்றால், கருவியின் உள்ளும் புறமும் கைக்குப் பழகியிருந்ததே அவருக்குத் துணை.

தாம்பரம் வட்டாரத்துக்கு அந்தப் பழக்கத்தினால் கிடைத்த செல்வமும் சாமானியமானதல்ல. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கி 2004-இல் மறைந்த மீட்டர்கேஜ் மின்ரயில், வீடுகள் நெருங்குமுன் ததும்பி நின்ற சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகள், கிறிஸ்தவக் கல்லூரிக் காட்டின் புள்ளிமான்கள், கல் உடைக்கப்படுமுன் முழு உருவோடு நின்ற பல்லாவரத்துக் குன்றுகள் ஆகிய இவையெல்லாம் பல குடும்பங்களின் நெகடிவ் உறைகளில் மட்டுமே இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றை மறுபடியும் எடுக்க இயலாது. எடுத்தவர்கள் கடைசிச் சுற்று வரையில் பொறுமை காத்ததனால்தான் அவை நமக்குக் கிடைத்தன.

ஆகையால் தாத்தாவிடம் காமிராவைக் கேட்டு வாங்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காமிராவோடு ஒரு மாலைப்பொழுதையும் அவரிடம் கேட்டு வாங்குங்கள். கெட்டுப்போன பழைய ரோல் ஒன்றைப் பூட்டி, முதுகுக் கதவைத் திறந்து வைத்தபடியே அவர் சுற்றுவதைக் கண்ணால் பாருங்கள். பிறகு கதவை மூடிவிட்டு நீங்களே கையால் உணர்ந்து பாருங்கள். பெரியவர்களும், "எனக்கெல்லாம் மறந்துபோச்சு" என்று விலகிவிடலாகாது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் உங்கள் விரல்களுக்கு அந்த இறுக்கமும் தளர்வும் நினைவிருக்கும். நீங்கள் கற்றுக் கொடுக்காவிட்டால், அடுத்த தலைமுறை அதை ஒவ்வொரு ரோலாக இழந்துதான் கற்க வேண்டியிருக்கும்.